உழைத்த மூளையின் கணக்கு: அடினோசின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ் வகுப்பு நடக்கிறது. எழுத்தும் பாட்டும் முடிந்த பிறகு அரை மணி நேரம் நான் உயிரியல் சொல்லிக்கொடுப்பேன். போன மழைக்காலத்தில் மூளையைத் தொடங்கினோம். பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரும் தூணோரம் உட்கார்ந்து கேட்டார்கள். வகுப்பு கலைந்து எதிரே உள்ள தேநீர்க்கடைக்குப் போனால் கேள்விகளும் கூடவே வந்தன. தூக்கம், தேநீர், தலைவலி, வலிப்பு என்று எங்கே தொடங்கினாலும் பேச்சு அடினோசினில் வந்து நின்றது. அந்தக் கேள்விகளையும், நிதானமாக உட்கார்ந்து யோசித்த பிறகு நான் தரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அடினோசின் என்பது என்ன? அதுவும் ஒரு நரம்பியக்கடத்திதானா?

முதலில் நரம்பியக்கடத்தியைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒன்றின் முனைக்கும் அடுத்ததற்கும் நடுவே மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தச் சந்திப்புக்கு நரம்பிணைப்பு என்று பெயர். மின்துடிப்பு முனைக்கு வந்து சேர்ந்ததும், அங்கே நுண்பைகளில் அடைத்துவைத்திருந்த வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டுகிறது. அக்கரையில் இருக்கும் ஏற்பிகள் என்ற புரதங்களில் போய்ப் பொருந்துகிறது. குளூட்டமேட், காபா, டோபமின், அசிட்டைல்கோலின் ஆகியவை இப்படிச் செய்தி கொண்டுபோகும் பொருள்கள்.

அடினோசினை யாரும் நுண்பையில் அடைத்துவைப்பதில்லை. அடினைனும் ரைபோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்த சிறு மூலக்கூறு அது. செய்தியைத் தான் சுமக்காமல், மற்றவை சுமக்கும் செய்தி எவ்வளவு உரக்கப் போகலாம் என்பதைக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே நரம்பியலில் இதைப் பண்பேற்றி என்ற இனத்தில் சேர்க்கிறார்கள்.

அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது?

செலவிலிருந்து வருகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஆற்றல் ஏ.டி.பி. என்ற மூலக்கூறாகக் கைமாறுகிறது. ஏ.டி.பி. என்பது மூன்று பாஸ்பேட்டுகள் கோத்த அடினோசின். ஒன்று கழன்றால் இரண்டு பாஸ்பேட்டுகள் உள்ள அதன் தம்பி, இன்னொன்று கழன்றால் ஏ.எம்.பி., மூன்றாவதும் உதிர்ந்தால் வெறும் அடினோசின்.

இப்போது அளவுகளைக் கவனியுங்கள். செல்லுக்குள் ஏ.டி.பி. மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்கிறது. செல்லுக்கு வெளியே அடினோசின் வழக்கமாகச் சில பத்து முதல் சில நூறு நானோமோலார்தான் (நானோமோலார் என்பது மில்லிமோலாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). இரண்டுக்கும் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ரங்கூன் ஆற்றங்கரையில் அந்தக் காலத்து அரிசிக் கிடங்குகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்தாயிரம் மூட்டை அடுக்கிய கிடங்கில் ஒரு மூட்டை குறைந்தால் உள்ளே பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த ஒரு மூட்டை வாசலில் கொட்டிக் கிடந்தால் தெருவில் போகிறவருக்கும் தெரிந்துவிடும். ஏ.டி.பி. கையிருப்பில் மிகச் சிறு சரிவு ஏற்பட்டாலும் அடினோசின் பல மடங்கு ஏறிவிடுவது இப்படித்தான். கிடங்கு காலியாவதற்கு வெகுநேரம் முன்பே மூளைக்கு எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது.

வெளியே வரும் வழி இரண்டு. செல்லுக்குள் உருவான அடினோசின், சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் வழியாகத் தானாகக் கசிந்து வெளியேறும். இன்னொரு வழியில் ஏ.டி.பி.யே வெளியே கொட்டப்படுகிறது. நரம்பு முனைகளும், அவற்றைச் சூழ்ந்துள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களும் இப்படி வெளியேற்றும் ஏ.டி.பி.யை, செல்களின் வெளிப்புறத்தில் பதிந்துள்ள நொதிகள் நொடிக்குள் நறுக்கி அடினோசினாக்கிவிடுகின்றன. மிஞ்சியதைக் கூட்டி அள்ளுவதும் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளின் வேலைதான். அவற்றுள் இருக்கும் அடினோசின் கைனேஸ் என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை மறுபடி ஒட்டி ஏ.எம்.பி. ஆக்கிவிடும். வேறொரு நொதி இனோசினாக மாற்றும்.

நரம்பு முனையில் வெளியீட்டை அது எப்படிக் குறைக்கிறது?

அடினோசினுக்கு நான்கு வகை ஏற்பிகள் உண்டு: ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3. மூளையில் மிகப் பரவலாக இருப்பது ஏ1. நரம்பு முனையின் சவ்விலேயே அது பதிந்திருக்கிறது.

வகுப்பில் கரும்பலகையில் நான் ஒரு முனையை மட்டும் பெரிதாக வரைவேன். மின்துடிப்பு வருகிறது. சவ்வில் உள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. பாய்ந்த கால்சியம், சவ்வோரம் ஆயத்தமாக நிற்கும் நுண்பைகளைச் சவ்வோடு இணைத்து உடைத்துவிடுகிறது. இந்தச் சங்கிலியில் அடினோசின் கை வைக்கும் முக்கிய இடம் கால்சியம் வாயில். ஏ1 ஏற்பியில் அடினோசின் பொருந்தியதும், உட்புறத்தில் அதனோடு சேர்ந்திருக்கும் ஜி புரதம் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த துண்டுகளில் ஒன்று போய் கால்சியம் வாயிலைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த துடிப்பு வரும்போது வாயில் முன்போல் தாராளமாகத் திறப்பதில்லை.

"கொஞ்சம் கால்சியம் குறைவதால் என்ன பெரிதாக ஆகிவிடும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 1967இல் டாட்ஜும் ரஹமிமோஃபும் தவளையின் நரம்பு தசை இணைப்பில் அளந்து பார்த்தார்கள். வெளியீடு கால்சியத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கைப் பின்தொடர்ந்தது. அவளையே பலகையில் கணக்குப் போடச் சொன்னேன். கால்சியம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 0.8 ஆகிறது என்று வையுங்கள். 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் 0.41. வெளியீடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கால்சியம் பாதியானால் வெளியீடு பதினாறில் ஒன்று. மூளையின் ஒவ்வோர் இணைப்பிலும் இதே எண் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் செங்குத்தான இந்தச் சரிவு பொதுவானது. அடினோசினின் மெல்லிய தொடுதலுக்கு இவ்வளவு பலன் கிடைப்பதன் காரணம் இதுதான்.

ஏ1 இன்னும் இரண்டு இடங்களிலும் வேலை செய்கிறது. நுண்பையை உடைக்கும் புரத எந்திரத்தையே சற்று மந்தமாக்கும். அக்கரையில் செய்தி வாங்கும் செல்லில் பொட்டாசியம் வாயில்களைத் திறந்து, அந்தச் செல் எளிதில் கிளர்ச்சியடையாதபடி செய்யும். அனுப்புபவரின் குரலும் தணிகிறது, கேட்பவரின் காதும் மந்தமாகிறது.

எல்லா நரம்பியக்கடத்திகளையும் ஒரே அளவில் அடக்குமா?

இல்லை. மூளையின் முக்கியத் தூண்டியான குளூட்டமேட்டைத்தான் பலமாக அடக்கும். அசிட்டைல்கோலின், டோபமின், நோர்அட்ரினலின், செரட்டோனின் ஆகியவையும் குறைகின்றன. மூளையின் முக்கியத் தணிப்பானான காபாவை, குறிப்பாக நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில், அது பெரும்பாலும் தொடுவதில்லை. தூண்டுவதைக் குறைத்து, தணிப்பதை விட்டுவைக்கிறது.

வெளியீட்டைக் கூட்டவும் செய்யும் என்று படித்தேன். இது முரண்பாடு அல்லவா?

கூட்டவும் செய்யும். ஏ2ஏ ஏற்பி ஏ1க்கு நேர்மாறானது. அதோடு சேர்ந்த ஜி புரதம் சுழல் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறைச் செல்லுக்குள் பெருக்குகிறது. அதன் விளைவாக வெளியீடு ஏறுகிறது. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ரிபேரோவும் செபஸ்தியாவோவும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த இருமுகத்தைத்தான்.

முரண்பாடாகத் தோன்றுவது, இரண்டும் எப்போது, எங்கே செயல்படுகின்றன என்று பார்த்தால் தெளிந்துவிடும். ஏ1 எங்கும் பரவியிருந்து பின்னணி இரைச்சலைத் தணித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு முனை வேகவேகமாகத் துடிக்கும்போது அங்கே மட்டும் ஏ.டி.பி. கொட்டி, அடினோசின் திடீரென மிகுந்து, ஏ2ஏ விழிக்கிறது. சுற்றியுள்ளவை அடங்கியிருக்க அந்த ஒரு முனையின் குரல் தனித்துக் கேட்கிறது. ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதிக்கு வரும் குளூட்டமேட் முனைகளில் இரண்டு ஏற்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கூட்டாக இருப்பதை 2006இல் காட்டினார்கள். அடினோசின் குறைவாக இருந்தால் ஏ1 பேசுகிறது, அதிகமானால் ஏ2ஏ அதை வாயடைக்கிறது.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்?

கதை இதயத்தில் தொடங்குகிறது. 1929இல் ட்ரூரியும் செண்ட் ஜியோர்ஜியும், இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது இதயத் துடிப்பு தளர்வதைக் கண்டார்கள். அந்தச் செண்ட் ஜியோர்ஜிதான் 1937இல் வைட்டமின் சி உள்ளிட்ட ஆய்வுகளுக்காக நோபல் பரிசு பெற்றவர். 1970இல் சாட்டினும் ராலும் மூளைத் துண்டுகளில் அடினோசினின் செயலைக் காட்டி, தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபினின் இனத்துப் பொருள்கள் அதைத் தடுப்பதையும் கண்டார்கள். 1972இல் கின்ஸ்போர்க்கும் ஹெர்ஸ்டும் எலியின் உதரவிதான நரம்பை எடுத்து, அடினோசின் பட்டதும் அதன் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியாவது குறைவதை அளந்தார்கள். முனையிலேயே வெளியீடு கட்டுப்படுகிறது என்பதற்கு அது தெளிவான சான்று.

மாலையானால் கண் சொக்குவதற்கு அடினோசின்தான் காரணமா?

முக்கியக் காரணங்களில் ஒன்று. 1997இல் போர்க்கா ஹெய்ஸ்கனென் குழுவினர் பூனைகளை விழித்திருக்கவைத்து, முன்மூளையின் அடிப்பகுதியில் அடினோசினைத் தொடர்ந்து அளந்தார்கள். விழித்திருக்க விழித்திருக்க ஏறியது. தூங்கவிட்டதும் மெல்ல இறங்கியது. மூளையை விழிப்பில் வைத்திருக்கும் அசிட்டைல்கோலின் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அடினோசின் அவற்றை அடக்குகிறது. 2007இல் ஜெர்மனியில் ஒரு நாள் முழுக்கத் தூங்காமல் இருந்த மனிதர்களின் மூளையைப் படம்பிடித்தபோது ஏ1 ஏற்பிகள் கூடுதலாகத் தென்பட்டன. வேளைக்குத் தக்கபடி இயங்கும் உடல் கடிகாரம் வேறு. அது தனியாக ஓடுகிறது. இரவு முழுக்க விழித்தவருக்கு விடிகாலையில் சற்றுத் தெளிவு பிறப்பது அந்தக் கடிகாரத்தால்.

தேநீர் குடித்தால் தெம்பு வருகிறதே, அது எப்படி?

நம் ஊரில் இதைக் கேட்காதவர் கிடையாது. காலையில் கடைக்குள் நுழைந்ததும் 'சோ செயின்' என்று குரல் கொடுப்பார்கள், இனிப்பும் பாலும் தூக்கலாக வரும். 'சா செயின்' என்றால் சாறு தடித்து, துவர்ப்பு ஏறி வரும். எது வந்தாலும் கோப்பையில் காஃபின் இருக்கிறது, ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம்.

காஃபினின் உருவம் அடினைனின் இரட்டை வளையத்தை ஒத்தது. ஆகவே ஏ1, ஏ2ஏ ஏற்பிகளில் அது போய் அமர்ந்துகொள்ள முடிகிறது. அமர்ந்தாலும் ஏற்பியை இயக்குவதில்லை. கடையில் ஒன்றும் வாங்காத ஒருவர் முக்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சாப்பிட வந்தவர் வெளியே நிற்க வேண்டியதுதான். அடினோசின் அப்படி வெளியே நிற்கிறது. கால்சியம் வாயில்களின் மேலிருந்த பிடி தளர்கிறது, குளூட்டமேட்டும் அசிட்டைல்கோலினும் முன்போல் கொட்டுகின்றன. எலிகளில் ஏ2ஏ ஏற்பியை மரபணு வழியே நீக்கிவிட்டால் காஃபின் அவற்றை விழிக்கவைப்பதில்லை என்று 2005இல் கண்டார்கள். ஆகவே விழிப்புக்கு முக்கியப் பொறுப்பு ஏ2ஏவைத் தடுப்பதில்தான் இருக்கிறது.

காஃபின் ஒரு துளி ஆற்றலும் தருவதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். கோப்பையில் இருக்கும் ஆற்றல் சர்க்கரையும் பாலும் தருவது. நீங்கள் செலவழித்த கணக்கு அடினோசினாக அங்கேயே நிற்கிறது, கண்ணில் படாமல் மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். காஃபின் கரைந்து போனதும் காத்திருந்த அடினோசின் எல்லாம் சேர்ந்து உள்ளே வரும். பேருந்து ஓட்டுநர்களுக்கும் இரவுக் காவலர்களுக்கும் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தேர்வுக்கு லப்பெ தின்று விழித்திருக்கிறோம். அதுவும் இதேதானா?

அதேதான். 'இலையில் சிறந்தது லப்பெ' என்று பர்மியர் சொல்வார்கள். ஷான் மலையில் பறித்து, ஆவியில் அவித்து, புளிக்கவைத்த தேயிலை அது. வறுத்த பூண்டு, நிலக்கடலை, எள், மொறுமொறுப்பான பருப்பு ஆகியவற்றோடு தட்டில் வரும். இரவெல்லாம் நடக்கும் ப்வே கூத்துப் பார்க்கப் போகிறவர்களும் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் அதைத் தின்று விழித்திருப்பது பழைய வழக்கம். தேநீரில் இலையின் சாறுதான் இறங்குகிறது, லப்பெயில் இலையையே விழுங்குகிறோம். புளிக்கவைப்பதால் காஃபின் அழிந்துபோவதில்லை. மேசையில் இலவசமாக வைத்திருக்கும் குடுவையின் வெறும் தேநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: விழித்திருப்பதும் நினைவில் பதிப்பதும் வேறு வேறு வேலைகள். படித்ததை மூளை நிலைப்படுத்துவது பெருமளவுக்குத் தூக்கத்தில்தான். முதல் நாள் இரவு முழுக்க லப்பெ தின்று படித்தால், படித்த நேரம் வீணாகப் போகும்.

தேநீரை நிறுத்தினால் தலை ஏன் இடிக்கிறது?

நாள்தோறும் ஏற்பிகள் என்ற அந்த முக்காலிகள் அடைபட்டிருந்தால் மூளை கூடுதலாக முக்காலி போட்டுவிடுகிறது. காஃபினை நிறுத்திய நாளில் அத்தனையிலும் அடினோசின் வந்து அமர்கிறது. அது மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கும் பொருளும்கூட. 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாள் வரை நீடிக்கலாம். விரத நாளில் பலருக்கு வரும் தலைவலிக்குப் பசி மட்டுமே காரணம் அல்ல. ஒரு வாரம் முன்பிருந்தே கோப்பைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

என் மகனுக்கு வலிப்பு நோய். வலிப்பு தானாக நிற்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இதைக் கேட்ட அம்மா, வலிப்பு வரும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன் என்றார். அவருக்காகவே இந்தப் பதிலைக் கவனமாக எழுதுகிறேன்.

தொடர்பு உண்டு. வலிப்பின்போது பெருங்கூட்டமான செல்கள் ஒரே நேரத்தில் துடிக்கின்றன. ஏ.டி.பி. வேகமாகச் செலவாகிறது, அடினோசின் கொட்டுகிறது. 1992இல் டூரிங்கும் ஸ்பென்சரும் அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமான நோயாளிகளின் ஹிப்போகாம்பஸில் நேரடியாக அளந்தார்கள். வலிப்பின்போது அடினோசின் 6 முதல் 31 மடங்கு வரை ஏறியது, வலிப்பு நின்ற பிறகும் சற்று நேரம் உயர்ந்தே இருந்தது. அம்மா, உங்கள் பிள்ளையின் மூளை அந்த நேரத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கவில்லை. தன் நெருப்பைத் தானே அணைக்கப் போராடிக்கொண்டிருக்கிறது. அந்த முயற்சி எப்போதும் போதுவதில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலின் காஃபினின் நெருங்கிய உறவு, அளவு மிஞ்சினால் அதுவே வலிப்பை உண்டாக்கும். வலிப்பு உள்ளவர்கள் அதை வாங்கும்போது மருத்துவரிடம் நோயைச் சொல்லிவிடுங்கள். வலிப்பு மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பார்க்கின்சன் நோய்க்கு இதில் மருந்து வந்திருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆம், இஸ்ட்ரடெஃபிலின். ஏ2ஏ ஏற்பியை மட்டும் தடுப்பது. ஸ்ட்ரையாட்டத்தில் டோபமினின் டி2 ஏற்பியும் ஏ2ஏவும் ஒரே செல்களில் எதிரெதிராக நிற்கின்றன. டோபமின் குறைந்த நோயாளிக்கு, எதிர்த்து இழுக்கும் கையைத் தளர்த்தினால் அசைவு எளிதாகிறது. ஜப்பானில் 2013இலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதி பெற்றது. டோபமின் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா என்ற மருந்துக்குத் துணையாகத் தருவது, அதற்கு மாற்று அல்ல.

தூக்கம் வராதவர்கள் அடினோசினையே மாத்திரையாகச் சாப்பிடலாமா?

பயன் இல்லை. இரத்தத்தில் அதன் ஆயுள் சில நொடிகள்தான், மூளைக்குள்ளும் எளிதில் புகாது. மிகை வேகத்தில் துடிக்கும் இதயத்தை நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவர மருத்துவமனைகளில் 6 மில்லிகிராமை இரத்த நாளத்தில் வேகமாகச் செலுத்துவார்கள். பத்து நொடிக்குள் அதில் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

சாயங்காலம் எத்தனை மணிக்குக் கடைசித் தேநீர் குடிக்கலாம்?

காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கப் பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. புகைப்பவர்களுக்கு இது குறையும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கூடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பல மடங்கு நீளும். ஆகவே கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமும், மற்றப் பெரியவர்களுக்கு 400 மில்லிகிராமும் வரம்பாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. 2013இல் ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்கள்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தை இழந்தார்கள்.

பத்து மணிக்குப் படுக்கிறவர் மாலை ஏழு மணிக்கு இரண்டு 'சா செயின்' குடித்தால், அவர் பாயை விரிக்கும்போது ஒரு கோப்பைக்கும் மேலான காஃபின் இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். மதியம் மூன்று மணிக்குப் பிறகு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் இப்போது சூடான பாலை ஆற்றிக் கொடுக்கிறார், தேநீர்க் கோப்பையிலேயே.